பட்டறைச் சுவரில் தொங்கும் பழைய தீயணைப்பான்: அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் முறை

வீட்டோடு சேர்ந்த பட்டறையில் உள்ள கருவிகளில் தீயணைப்பான் ஒன்றைத்தான் இயக்கிப் பார்த்துச் சோதிக்க முடியாது. லேத்தை ஓட்டிப் பார்க்கலாம், கிரைண்டரைச் சுற்றவிட்டுப் பார்க்கலாம், வெல்டிங் செட்டில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கலாம். தீயணைப்பானின் கைப்பிடியை ஒருமுறை அழுத்திவிட்டால், அரை நொடிதான் அழுத்தியிருந்தாலும், அது மறுபடி நிரப்பப்படும்வரை நம்பத்தகாததாகிவிடுகிறது. எனவே அதன் உள்நிலையை வெளி அறிகுறிகளைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது. கோவையில் என் வீட்டின் பின்புறத்தில் ஒரு லேத்தும் வெல்டிங் மேசையும் கொஞ்சம் மரவேலையுமாகப் பட்டறை நடத்தி வருகிறேன். அங்கே பனியன் வேஸ்ட், தின்னர், மரத்தூள், கிரைண்டர் பொறி ஆகிய நான்கும் பத்தடிக்குள் இருக்கின்றன. பெரும்பாலான வீட்டுப் பட்டறைகளின் நிலையும் இதுவே என்பதால், இந்த அறிகுறிகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் உறுதி செய்யுங்கள். அழுத்தமானி பொருத்திய சிவப்பு உருளையாக இருந்தால், அது பெரும்பாலும் நைட்ரஜன் அழுத்தத்தில் வைத்த ஏபிசி பவுடர் வகையாக இருக்கும் (ஏ என்பது மரம், துணி போன்ற திடப்பொருள் தீ, பி என்பது எரிதிரவத் தீ, சி என்பது எரிவாயுத் தீ). அழுத்தமானி இல்லாமல், கனத்த இரும்பு உடலும் கொம்பு போன்ற அகன்ற வாயும் கொண்டிருந்தால் அது கார்பன் டை ஆக்சைடு வகை. தலையில் குமிழ் இருந்து, அதைக் குத்தினால் உள்ளிருக்கும் சிறு வாயுக்குப்பி உடைந்து பவுடரைத் தள்ளும் அமைப்பாக இருந்தால் அது பழைய கார்ட்ரிட்ஜ் வகை. ஆலை மூடும்போதும் ஏலத்திலும் வாங்கிய கருவிகளில் இந்த மூன்றாவது வகை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, உற்பத்தி ஆண்டைப் பாருங்கள். ஐஎஸ் 2190 என்ற இந்தியத் தர விதிப்படி பவுடர் வகையின் ஆயுள் 10 ஆண்டு, கார்பன் டை ஆக்சைடு வகையின் ஆயுள் 15 ஆண்டு. இடையில் பவுடர் உருளைக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும், கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் நீர் அழுத்தச் சோதனை, அதாவது நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றி உருளை தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, நடந்திருக்க வேண்டும். ஆயுள் முடிந்த கருவிக்குக் குறை தேடுவது வீண் வேலை. அதற்குக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் வழி ஒன்றே உண்டு.

எந்த அறிகுறிக்கும் மூன்று வேலைகளைச் செய்யாதீர்கள். அழுத்தத்தில் உள்ள உருளையின் வால்வை இறுக்கவோ தளர்த்தவோ கூடாது. உருளையின் உடலில் வெல்டிங் அல்லது பிரேசிங் வைக்கக் கூடாது. பட்டறை கம்ப்ரஸர் காற்றை அடித்து அழுத்தம் ஏற்றக் கூடாது. கம்ப்ரஸர் காற்றில் உள்ள ஈரம் பவுடரைச் சில மாதங்களில் கட்டியாக்கிவிடும். உலர்ந்த நைட்ரஜனை அடைப்பது அந்தக் காரணத்துக்காகத்தான்.

முள் பச்சைப் பகுதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது

அழுத்தமானியின் கண்ணாடியை விரல்நுனியால் மெல்லத் தட்டுங்கள். சில சமயம் முள் ஒட்டிக்கொண்டு நிற்கும். தட்டியும் நகரவில்லை என்றால், கைப்பிடி அழுந்தாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியின் பிளாஸ்டிக் முத்திரை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் யாரோ சிறிது அழுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அழுத்தியபோது வெளியேறிய பவுடரின் ஓரிரு துகள்கள் வால்வு இருக்கையில் (வால்வு மூடும்போது பொருந்தி அடைக்கும் இடத்தில்) சிக்கிக்கொள்வதால், கைப்பிடியை விட்ட பிறகும் வால்வு முழுவதும் மூடாமல், ஓரிரு நாளில் அழுத்தம் தானாகவே வடிந்துவிடும். “கொஞ்சம்தான் அடித்தேன், மீதி இருக்கிறது” என்று சொல்லித் திரும்ப மாட்டி வைத்த கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான் செத்துப்போகின்றன.

முத்திரை அறுபடாமலே முள் இறங்கியிருந்தால் சோப்பு நுரையைப் பயன்படுத்துங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கலந்து, பழைய பெயின்ட் பிரஷால் வால்வு கழுத்தைச் சுற்றியும், அழுத்தமானியின் அடிமரையிலும், நாசில் வாயிலும் தடவிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். கழுத்தில் குமிழ் வந்தால் உள்ளிருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் கெட்டிருக்கிறது. அழுத்தமானியின் அடியில் வந்தால் அதன் மரை அடைப்பு கெட்டிருக்கிறது. நாசில் வாயில் வந்தால் வால்வு இருக்கையில் துகள் சிக்கியிருக்கிறது. மூன்றையும் நாம் வீட்டில் சரிசெய்ய இயலாது என்றாலும், எந்த இடம் என்று சொல்லிக் கொடுத்தால்தான் சர்வீஸ் செய்பவர் அந்த உறுப்பை மாற்றுவார். இல்லாவிட்டால் வாயுவை மட்டும் ஏற்றி அனுப்பிவிடுவார். மூன்று மாதத்தில் முள் மறுபடி இறங்கும்.

குமிழே வராமல் முள் மிக மெதுவாக இறங்குவதாகச் சந்தேகப்பட்டால், கண்ணாடியின் மேல் மெல்லிய மார்க்கரால் முள் நிற்கும் இடத்தில் ஒரு கோடும், உருளையில் தேதியும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் தானே தீரும்.

முள் பச்சையைத் தாண்டி மேலே நிற்கிறது

வெயில்தான் காரணம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். 27 டிகிரியில் அடைத்த வாயு, தகரக் கூரைக்குக் கீழே 50 டிகிரி வரை சூடேறினாலும், அழுத்தம் நூற்றுக்கு எட்டு அளவில்தான் கூடும். பவுடர் வகையில் வழக்கமாக உள்ள சுமார் 15 பார் அழுத்தம் 16 பாரைச் சற்றே தாண்டும், அவ்வளவே. ஆகவே விடியற்காலைக் குளிர்ச்சியிலும் முள் பச்சைக்கு வெளியே நின்றால், அது வெயிலின் வேலையில்லை. அளவு மீறி நிரப்பியிருக்கிறார்கள், அல்லது அழுத்தமானி பழுது.

அரிதாக மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது மற்ற இரண்டைவிட மோசமானது. ஏபிசி பவுடரின் மூலப்பொருளான மோனோ அம்மோனியம் பாஸ்பேட் அமிலத் தன்மை உடையது. எரிதிரவ, எரிவாயுத் தீக்கு மட்டுமான பிசி பவுடரில் இருப்பதோ சமையல் சோடா என்று நாம் சொல்லும் சோடியம் பைகார்பனேட். நிரப்பும் இடத்தில் ஒன்றின் மிச்சத்தின் மேல் மற்றொன்றைக் கொட்டிவிட்டால், சிறிது ஈரம் சேர்ந்தவுடன் இரண்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். பவுடர் கட்டியாகும், உருளைக்குள் அழுத்தமும் ஏறும். ரீஃபில் செய்த சில வாரங்களில் முள் மேலே ஏறத் தொடங்கினால், கருவியை வெயில் படாத திறந்த இடத்தில் ஆள் நடமாட்டமின்றி நிறுத்திவிட்டு, சர்வீஸ் ஆளை நேரில் அழைத்துக் காட்டுங்கள். வண்டியில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

முள் பச்சையில்தான் நிற்கிறது, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். அழுத்தமானி வாயுவின் அழுத்தத்தை மட்டுமே சொல்லும். உள்ளே எவ்வளவு பவுடர் இருக்கிறது என்பதையோ, அது தூளாக இருக்கிறதா பாறையாக இருக்கிறதா என்பதையோ சொல்லாது. பச்சையில் முள் நின்ற உருளையை அழுத்தும்போது, வெறும் வாயு சீறி வெளியேறிவிட்டுப் பவுடர் முழுவதும் அடியில் களிமண் போல் இறுகிக் கிடப்பது நடக்கக்கூடியதுதான்.

உருளையைச் சுவரிலிருந்து இறக்கி, ஊசி இருக்கும்படியே தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பகுதியில் ஓர் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். பவுடர் நல்ல நிலையில் இருந்தால், கவிழ்த்த ஓரிரு நொடியில் எடை கையின் அடியிலிருந்து மொத்தமாக நழுவிக் கீழே போவதை உணரலாம். காதை உருளையில் வைத்தால் மணல் சரிவது போன்ற மென்மையான ஓசை கேட்கும். எதுவும் நகரவில்லை என்றால் ரப்பர் சுத்தியலால் அடிப்பகுதியிலும் பக்கங்களிலும் மெல்லத் தட்டி, மறுபடி கவிழ்த்துப் பாருங்கள். அப்போது சரிந்தால் அது அதிர்வால் இறுகிய பவுடர், மீட்டுவிடலாம். அப்போதும் ஒரே கட்டியாக நின்றாலோ, ‘தொப்’ என்று ஒரு பாளம் விழுந்தாலோ, ஈரம் உள்ளே போயிருக்கிறது. பவுடரை மாற்றியே ஆக வேண்டும். லேத்துக்கு அருகிலோ, கம்ப்ரஸர் பொருத்திய சுவரிலோ மாட்டிய உருளைகள் அந்த அதிர்வாலேயே விரைவில் இறுகுகின்றன. இடத்தை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது எடை. சில ஆண்டுகளுக்கு முன்பு என்னுடைய 6 கிலோ பவுடர் உருளையை ரீஃபில் செய்யக் கொடுத்திருந்தேன். கொடுப்பதற்கு முன்பு டிஜிட்டல் தூக்குத் தராசில் மாட்டி எடையைக் குறித்துக்கொண்டேன். வால்வு நட்டிலிருந்து உருளைக் கழுத்துவரை குறுக்காக, வீட்டில் இருந்த சிவப்பு நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்றும் போட்டுவைத்தேன். வால்வைக் கழற்றினால் அந்தக் கோடு உடைய வேண்டும். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் பொருத்துவது அநேகமாக முடியாத காரியம். ஒரு மணி நேரத்தில் கருவி திரும்பி வந்தது. “எல்லாம் புதுசா ரொப்பி, ஸ்டிக்கரும் ஒட்டியாச்சுங்கண்ணா” என்றார் கொண்டுவந்த தம்பி. ஸ்டிக்கர் புத்தம் புதியதாகத்தான் இருந்தது. நகப்பூச்சுக் கோடும் கீறல் விழாமல் அப்படியே இருந்தது. எடையில் பத்து கிராம்கூட மாற்றம் இல்லை. உள்ளே இருந்த பழைய பவுடருக்கு நான் பணம் கொடுத்திருந்தேன். பணம் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஸ்டிக்கரை நம்பி, தின்னர் டப்பா பற்றி எரியும் ஒரு நாளில் என் பிள்ளைகளில் ஒருவர் அந்தக் கைப்பிடியை அழுத்தியிருப்பார் என்ற நினைப்புதான் இன்றுவரை என்னை விடவில்லை.

அதிலிருந்து, ரீஃபில் நடக்கும்போது உடன் நிற்பதை நிபந்தனையாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பவுடரைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். உருளையின் உட்புறத்தை டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். அடிமூலையில் துருச் செதில் தெரிந்தால் அங்கேயே நிராகரித்துவிடலாம். புதிய பவுடர் பையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. நிரப்பிய பிறகு உள்ள எடையை உருளையின் மேலேயே அழியாத மையால் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட அது ஒன்றே உங்களுக்கு ஆதாரம்.

அழுத்தமானியே இல்லாத கார்பன் டை ஆக்சைடு உருளை: நிரம்பியிருக்கிறதா?

இதற்கு எடை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சமையல் கேஸ் சிலிண்டரைப் போலவே இதிலும் வாயு திரவமாக அடைபட்டிருப்பதால், பாதி காலியானாலும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால்தான் அழுத்தமானி பொருத்துவதில்லை. ஆட்டிப் பார்த்துத் திரவம் குலுங்கும் ஓசையைக் கேட்டு முடிவு செய்கிறவர்கள் உண்டு. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் திரவ நிலையில் இருக்கவே முடியாது என்பதால், நம் ஊர்ச் சித்திரை மாத மதியத்தில் நிரம்பிய உருளையும் குலுங்காது.

வால்விலோ கழுத்திலோ காலி எடையைப் பஞ்ச் அடித்திருப்பார்கள். அதனோடு கொள்ளளவைக் கூட்டினால் நிறை எடை வரும். எடுத்துக்காட்டாக, காலி எடை 9.8 கிலோ, கொள்ளளவு 4.5 கிலோ என்றால் நிறை எடை 14.3 கிலோ. வாயுவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 450 கிராம் குறைந்து 13.85 கிலோவுக்குக் கீழே போய்விட்டால் ரீஃபிலுக்கு அனுப்ப வேண்டும். காலி எடையில் ஹோஸும் கொம்பும் சேருமா சேராதா என்பதை உற்பத்தியாளர் ஒட்டிய தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் போட்ட கணக்கு அரை கிலோவுக்கு மேல் தவறிவிடும். ஆள் ஏறி நிற்கும் குளியலறைத் தராசு இந்த வேலைக்கு உதவாது. 2 கிலோ உருளை என்றால் 200 கிராம் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், அந்தத் துல்லியம் அதற்குக் கிடையாது.

இந்த உருளைகள் உயர் அழுத்தம் தாங்குபவை. இவற்றின் நீர் அழுத்தச் சோதனையை, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில்தான் செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் மாதமும் ஆண்டும் உருளையிலேயே பஞ்ச் அடித்திருக்கும். தாளில் எழுதித் தருவதை மட்டும் ஏற்காதீர்கள்.

நாசிலோ ஹோஸோ அடைத்திருக்கிறது

நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு முதல் காரணம் குளவி. விரல் நுழையும் துளை எங்கே இருந்தாலும் மண் குளவி அதில் கூடு கட்டும். தீயணைப்பானின் நாசில் அதற்கு மிகப் பிடித்த அளவு. வெளியே பார்க்க வாயில் ஒட்டிய சிறு மண் பொட்டு போலத்தான் தெரியும். குச்சியால் குத்தினால், ஒன்றன்பின் ஒன்றாக மண் அறைகளும், அவற்றுக்குள் புழுவுக்காகச் சேர்த்து வைத்த சிலந்திகளும் நாலைந்து அங்குல நீளத்துக்கு வந்துகொண்டே இருக்கும். கார்பன் டை ஆக்சைடு கொம்பின் உள்ளே பல்லி முட்டையும் கண்டிருக்கிறேன்.

பவுடர் வகையில் ஹோஸ் வால்வுக்கு வெளிப்புறத்தில் மரையில் மாட்டியிருக்கும். ஊசியும் முத்திரையும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் ஹோஸை மட்டும் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊடுருவிப் பாருங்கள். அடைப்பை எடுத்த பிறகு ஹோஸை வளைத்துப் பார்த்து, மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் புதியது வாங்கி மாட்டுங்கள். இனி அடைக்காமல் இருக்க, நாசில் வாயில் ஒரு சிறு துண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ரப்பர் வளையத்தால் மூடினால் போதும். அழுத்தம் அதைப் பிய்த்துக்கொண்டு போகும். துணியைத் திணிப்பதும் டேப்பைப் பல சுற்று சுற்றுவதும் குளவியைவிடக் கெடுதல்.

ஊசி வரவில்லை

துரு பிடித்திருந்தால் ஊசியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, சிறிது எண்ணெய் தடவித் திரும்பச் செருகலாம். அப்போது கருவி தரையில் நிற்க வேண்டும், கைப்பிடியில் கை படக்கூடாது. முத்திரை தொலைந்துபோனதால் கட்டுக்கம்பியை முறுக்கி ஊசியைக் கட்டி வைத்திருப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கிறேன். தீப்பிடித்த நேரத்தில் அந்தக் கம்பியை அறுக்கக் கட்டிங் பிளேயரைத் தேட வேண்டிவரும். ஊசியைத் திருகி இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய பிளாஸ்டிக் முத்திரை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

உருளையில் துரு

பெயின்ட் மங்கியிருப்பதும் கீறலில் மேல்துரு படிந்திருப்பதும் பெரிய குறை ஆகா. பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தாலோ, வெல்டிங் மடிப்பின் ஓரமாகத் துரு ஓடியிருந்தாலோ, விரல்நகம் தட்டுப்படும் ஆழத்தில் குழிகள் விழுந்திருந்தாலோ அந்த உருளை முடிந்துவிட்டது. கவிழ்த்து அடிப்புறத்தை அவசியம் பாருங்கள். ஈரத் தரையில் நேரடியாக நிறுத்திய உருளைகளின் அடி வளையத்துக்குள் தண்ணீர் தங்கி, மேலே பளபளவென்று இருக்கும்போதே அடித்தகடு மெலிந்துவிடும். துருவின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்து மறைப்பது அடுத்து அதைத் தூக்கப் போகிறவருக்குச் செய்யும் தீங்கு.

கார்ட்ரிட்ஜ் வகையில் துருவை இன்னும் கடுமையாகப் பார்க்க வேண்டும். அழுத்தத்தில் வைத்த உருளை பலவீனமானால், பலமுறை முன்கூட்டியே கசிந்து காட்டிக்கொடுக்கும். கார்ட்ரிட்ஜ் வகை உருளையோ குமிழைக் குத்தும் நொடிவரை அழுத்தமே இல்லாமல் நிற்கிறது. மெலிந்த அடித்தகடும், மரை தேய்ந்த மூடியும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. குத்திய நொடியில் முழு அழுத்தமும் ஒரேயடியாக ஏறும்போது, குத்துகிறவரின் முகம் மூடிக்கு நேர் மேலே இருக்கிறது. இந்த வகையில் நீர் அழுத்தச் சோதனை தேதி தெளிவாக இல்லாத எதையும் பட்டறையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கருவி நன்றாக இருக்கிறது, ஆனால் தீக்குப் பொருந்தவில்லை

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சி வகுப்பு என்பது மின்சாரத் தீ. இந்தியாவில் சி வகுப்பு என்பது எரிவாயுத் தீ. மக்னீசியம் சீவல் பற்றினால் ஏபிசி பவுடர் பயன்படாது, உலோகத் தீக்கான டி வகுப்புப் பவுடர் அல்லது உலர்ந்த மணல் வேண்டும். லேத்தின் மேல் ஏபிசி பவுடர் அடித்தால் அதன் அமிலத் தன்மை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து லேத்தின் பெட்டை (அடித்தள இரும்பை) அரிக்கும் என்பதால், அன்றே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். மின்பலகைக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றது. ஆனால் அடைபட்ட சிறு அறையில் அதை அடித்துவிட்டு உள்ளேயே நிற்கக் கூடாது, மூச்சுத் திணறும்.

பித்தளையில் செய்த கவிழ்த்து அடிக்கும் சோடா அமில வகையும், கார்பன் டெட்ரா குளோரைடு அடைத்த பழைய கண்ணாடிக் குண்டு வகையும் கைக்கு வந்தால் இயக்கிப் பார்க்க வேண்டாம். பின்னது சூடான உலோகத்தில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

நிராகரித்த உருளையை என்ன செய்வது

அப்படியே பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அங்கே அதை கேஸ் கட்டரால் அறுப்பவருக்கு உள்ளே அழுத்தம் இருப்பது தெரியாது. ஆழமாகத் துருப்பிடித்ததையும், கார்ட்ரிட்ஜ் வகையையும், கார்பன் டை ஆக்சைடு உருளையையும் சர்வீஸ் செய்பவரிடமே ஒப்படையுங்கள். உடல் நன்றாக இருந்து வயது மட்டும் முடிந்த பவுடர் உருளையை, முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, வீட்டில் உள்ளவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அடித்துத் தீர்த்துவிடலாம். அட்டைப்பெட்டி ஒன்றைத் தீயாகப் பாவித்து அதன் அடிப்பகுதியைக் குறிவைக்கச் சொல்லுங்கள். சிறிய உருளை பத்து நொடி அளவில் தீர்ந்துவிடுவதை அவர்கள் அப்போதுதான் நேரில் காண்பார்கள், 101-ஐ முதலில் அழைக்கச் சொல்வதன் காரணமும் விளங்கும். முள் சுழிக்கு வந்த பிறகும் கைப்பிடியை அழுத்திப் பிடித்துச் சீறல் ஓசை முற்றிலும் நின்றதா என்று பார்த்து, வால்வைச் சர்வீஸ் கடையில் கழற்றி வாங்கிக்கொண்டு, வாய் திறந்த வெற்று உருளையாக இரும்புக் கடையில் கொடுங்கள்.